இருபத்தைந்துக்கு வரட்டும்

இரவு ஒன்றே முக்கால்.
உலான்பாத்தர் அனல்மின் நிலையத்தில்
மூன்றாம் கொதிகலனுக்குப் போகும் தண்ணீர்
கெட்டுவிட்டது என்றார் ஷரவ்தோர்ஜ்.
மின்கடத்து மானியில் பூஜ்யம் புள்ளி ஒன்று ஏழு.
எல்லை, பூஜ்யம் புள்ளி ஒன்று.
என்னைக் கேட்கவில்லை.
பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதியும் விட்டார்:
'செவெல்மா ஷிஃப்ட். நீரில் உப்பு.'

இருநூறு டன்.
வால்வைத் திறந்துவிட்டால் போயிற்று.
கொதிகலன் நிற்கும்,
விடிவதற்குள் கிழக்குப் பேட்டை ரேடியேட்டர்கள் எல்லாம்
செத்த மீனாய்ச் சில்லிட்டுக் கிடக்கும்.
திறக்கட்டுமா என்று
தொலைபேசியில் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் மாதிரிக் குழாயைத் தொட்டேன்.
தொடக்கூடாது, விதி இருக்கிறது.
சுட்டது.

மானிக்குள் வெப்பத்தைக் கழித்துச் சொல்லும் சில்லு
பழுதாகி ஒரு மாதம்.
மூன்று கடிதம் போட்டேன்.
மூன்றும் அவர் மேசையில்தான்,
தேநீர்க் கோப்பைக்கு அடியில்.

வடித்த நீரில் ஒன்றுமில்லை என்பார்கள்.
வாயில் வைத்தால் அப்படித்தான் இருக்கும்,
யாரும் குடியேறாத வீடு மாதிரி.
ஆனால் அங்கேயும் ஐம்பத்தைந்து கோடியில் ஒரு மூலக்கூறு
எந்த நேரமும் முறிந்துகொண்டிருக்கிறது,
முறிந்தது சேர்ந்துகொண்டும் இருக்கிறது.
இது இருபத்தைந்து டிகிரிக் கணக்கு.
ஐம்பதில் முறிவு இரண்டு மடங்குக்கும் மேல்.
முறிந்த துண்டுகள்தான் மின்சாரத்தைச் சுமக்கின்றன,
சூட்டில் நீர் இளகிவிடுவதால்
ஓட்டமாய் ஓடிச் சுமக்கின்றன.
பி.ஹெச். ஏழிலிருந்து ஆறரைப் பக்கம் இறங்கும்.
புளித்துவிட்டது என்று அலறவேண்டாம்,
அமிலமும் காரமும் அப்போதும் சரிக்குச் சரி.
ஏழு என்பது நீரின் குணம் இல்லை ஐயா,
ஓர் அறையின் வெப்பம்.

இதையெல்லாம் சொல்லவில்லை.
"சூடாக இருக்கிறது, இருபத்தைந்துக்கு வரட்டும்"
என்று மட்டும் சொன்னேன்.
பத்து நிமிடம் கேட்டேன்.
ஐந்து தந்தார்.

குளிர்விப்பானின் வால்வு துருவேறி இறுகியிருந்தது.
ஸ்பானரை மாட்டித் தொங்கினேன்,
என் ஐம்பத்திரண்டு கிலோவும் ஸ்பானரில்.
கிறீச்சிட்டுத் திரும்பியது.

நாற்பது டிகிரி: புள்ளி ஒன்று ஒன்று.
ஷரவ்தோர்ஜ் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார்.
முப்பது: புள்ளி பூஜ்யம் ஏழு.
ஏழாவது நிமிடமோ எட்டாவதோ,
அவர் கடிகாரத்தைப் பார்க்க மறந்திருந்தார்.
இருபத்தைந்து:
புள்ளி பூஜ்யம் ஐந்து ஐந்து.
இதற்குக் கீழே நீரால் போகமுடியாது,
இந்த வெப்பத்தில்
இதைவிட நீராக இருக்கமுடியாது.

எழுதியதை அதே சிவப்பு மையால் அடித்தார்.
மன்னிப்பு என்ற சொல் எங்கள் நிலையத்தில்
குளிர்காலத்தில் கிடைக்காது.
ஒரு கோப்பை சூத்தேய் சாய் ஊற்றி
என் பக்கம் நகர்த்தினார்.
அன்றிரவு உப்பு இருந்தது அதில்தான்.

காலை ஏழரை. வெளியே மைனஸ் ஏழு.
காரின் பின்பெட்டியில்
பேட்டரிக்கு வாங்கிய வடிநீர் பாட்டில்,
இரவெல்லாம் அங்கேயே கிடந்தது.
உறைந்திருக்கவேண்டும். உறையவில்லை.
பூஜ்யத்தைத் தாண்டி ஏழு படி இறங்கியும்
தண்ணீராகவே இருந்தது, கண்ணாடிபோல.
பனிக்கும் ஒரு தூசு வேண்டும்,
பிடித்துத் தொடங்க.
இதில் தூசு இல்லை.

பானட்டின்மேல் டொக்கென்று வைத்தேன்.
கழுத்திலிருந்து வெள்ளை ஊசிகள் கீழே பாய்ந்தன,
மூச்சு விடுவதற்குள் பாட்டில் முழுக்க நரைத்தது.

புத்தகத்தில் படித்ததுதான், ஆனாலும்
ஆய்வகத்து வெப்பமானியைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து
பாட்டிலோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன்.
மைனஸ் ஆறு. மைனஸ் நான்கு. மைனஸ் ஒன்று.
உறைய உறைய ஏறுகிறது.
இவ்வளவு நேரம் உள்ளே வைத்திருந்த சூட்டை
இப்போதுதான் வெளியே விடுகிறது.

தூரத்தில் ஷரவ்தோர்ஜ் கையசைத்தார்,
நாளைக்கும் இதே ஷிஃப்ட்டா என்று.
நான்காவது கடிதத்தை
இன்று தட்டச்சு செய்யப்போவதில்லை.
நேரே அவர் அறைக்குப் போய்
கதவைத் தட்டப்போகிறேன்.