பிற

மே மாதம் முழுக்க என் கடையில்
சாதிச் சான்றிதழ் வாசனை.
ரேஷன் அட்டைக்குள் மடித்து வைத்து
வேர்வையில் ஊறிய காகிதம்.
ஜெராக்ஸ் ரெண்டு ரூபாய். ஃபாரம் போட ஐம்பது.
கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
வெயிலுக்குப் பயந்து கூட்டம் உள்ளே ஒதுங்கும்.
கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள்
யாராவது ஒரு அம்மா கேட்பாள்:
'பி.காமுக்கும் பி.ஏவுக்கும் இன்னாமா வித்தியாசம்?'
தெரிந்ததைச் சொல்வேன்.
தெரியாததையும் சில நாள் சொல்லியிருக்கிறேன்.
முபீனாவின் முதல் விருப்பத்தை
மூன்றாவதாகப் போட்டது நான்தான்.
இப்போது தினமும் மூன்று மணி நேரம்
ரயிலில் போய் வருகிறாள்.
எதிரே பார்த்தால் சிரிக்கிறாள்.
நான்தான் செல்போனைப் பார்க்கிறேன்.

முதல் பட்டதாரி சான்றிதழ் என்று ஒன்று உண்டு.
உங்கள் வீட்டில் இதுவரை
யாருமே பட்டம் வாங்கவில்லை என்பதற்கு
தாசில்தார் முத்திரை வைத்துத் தருவார்.
ஃபீஸ் குறையும்.
'இதுக்குக் கூட இவ்ளோ மரியாதையா' என்று
கிஷோர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டான்.

திரையில் ஒரு கட்டம்: தந்தையின் தொழில்.
தொட்டால் நாலு வரி விழும்.
அரசு. தனியார். விவசாயம். பிற.
ஐஸ் உடைக்கிறவர், பிற.
கன்டெய்னர் லாரி கிளீனர், பிற.
'வுட்டுட்டுப் பூட்டாரு, அதுக்கு இன்னா போடுவே?'
என்று ஒருத்தி கேட்டாள்.
அதற்கும் அதுதான்.

ரூபிகாவின் அப்பா தேசிங்கு
தடைக்காலத்தில் வீட்டில் இருந்தார்.
பக்கத்தில் இருக்கிற ஆளாயிற்றே என்று
அவர் நம்பரையே கொடுத்துவிட்டாள்.
ஜூலை வந்தது. தடை முடிந்து கடலுக்குப் போய்விட்டார்.
விருப்பப் பட்டியலைப் பூட்ட
கடைசி நாள், சாயங்காலம் அஞ்சு மணி.
பொத்தானை அழுத்தினால்
ஓடிபி தேசிங்குவுக்குப் போகிறது.
தேசிங்கு டவர் இல்லாத தண்ணீரில் இருக்கிறார்.

நாலு முறை அழுத்தினேன். மணி மூன்று.
ரூபிகா ஷேர் ஆட்டோ பிடித்து
காசிமேட்டு வயர்லெஸ் அறைக்கு ஓடினாள்.
நான் கம்ப்யூட்டரை விட்டு எழவில்லை.
அவள் போன் வழியாக எனக்குக் கேட்டது:
கரகரப்பு, காற்று, யாரோ ஒரு டிரைவர்
டீசலுக்கு யார் காசு கொடுப்பது என்று கத்துவது,
பிறகு இன்னொரு குரல்,
'திருப்புடா, பொண்ணு காலேஜு.'

நாலே முக்காலுக்கு டவர் கிடைத்தது.
நாலு ஓடிபியும் சேர்ந்து விழுந்திருக்கின்றன.
அவர் மேலிருந்து படிக்கிறார்,
எல்லாம் செத்துப்போன நம்பர்கள்.
'புதுசு அனுப்புறேன், அடியில வரும்' என்றேன்.
ரூபிகா மைக்கில் சொன்னாள்.
போன் லைன் நிற்கவில்லை, வயர்லெஸ்தான்.

'ஏழு. ரெண்டு. ரெண்டு. சைபர்...'
கரகரப்பு விழுங்கியது.
வேறு ஏதோ படகிலிருந்து ஒருவர்
'சைபர், அப்புறம் ஒம்போது' என்றார்.
மூன்றாவது படகு: 'கடைசி நாலு. நாலுமா.'
இந்த எண்ணை யாரிடமும் பகிராதீர்கள் என்று
அந்தக் குறுஞ்செய்தியிலேயே எழுதியிருக்கும்.
வங்காள விரிகுடாவுக்கே தெரிந்துவிட்டது.

நாலு ஐம்பத்தாறு. பூட்டியது.
பிரின்டர் நிதானமாகக் கக்கியது.
பெயர், கட் ஆஃப் நூற்று எழுபத்தொன்றரை,
தந்தையின் தொழில்: பிற.

எட்டு நாள் கழித்து தேசிங்கு வந்தார்.
ஐம்பது ரூபாய் நோட்டில் ஐஸ் ஈரம்.
போனைத் துடைத்து என்னிடம் நீட்டினார்,
'இந்த நம்பர வெச்சுக்கணுமாமா?
மெமரி ஃபுல்லுன்னு காட்டுது.
நாலு வருசம் வேணும்னா
மத்தத அழிச்சுடறேன்.'