பத்தொன்பது விநாடி

ரிவேராவில் தெருவின் நடுக்கோடுதான் எல்லை.
எதிர்ச்சாரியில் வாங்கினால் அது பிரேசில் ரொட்டி.
என் மாணவர்கள் ஒரு நாளைக்கு ஆறு முறை
பக்கம் மாறுகிறார்கள், மொழி மாறுகிறார்கள்.
அடைப்பை நீக்கும்போது மட்டும்
குறி மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

அதற்காகத்தான் முதல் பதிவைச் செய்தேன்.
இரவு பத்து மணி, சமையலறை மேசை,
தொண்டையைச் செருமிக்கொண்டு
என் திரையை நானே படம்பிடித்தேன்.
நான்காம் நிமிடத்தில் ஒரு கழித்தலை விழுங்கிவிட்டேன்.
"அட, இரு இரு" என்று என் குரல்.
பக்கத்து வீட்டு நாய் வேறு.
வெட்டி எறியத் தெரியவில்லை; அப்படியே அனுப்பினேன்.

முப்பத்தொரு பிள்ளைகளும்
அந்த "இரு இரு"வைத்தான்
திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.
மறுநாள் பலகையில் நான் தடுமாறியபோது
பின்வரிசை முழுக்கக் குரைத்தது.

சரி, இனி உங்கள் முறை என்றேன்.
விடை வேண்டாம், போன வழி வேண்டும்.
பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுக் கணக்கைப் போடுங்கள்.

வால்டெமர் மெந்தீனா வகுப்பில் வாய் திறக்காதவன்.
அவன் பதிவும் அப்படித்தான்: ஏழு நிமிடம், பேச்சே இல்லை.
தகரக் கூரையில் மழை.
உள்ளறையிலிருந்து யாரோ போர்த்துகீசில் சோப்பு கேட்கிறார்கள்.
வெள்ளைத் திரையில் சுட்டி,
குளிருக்கு ஒண்ட இடம் தேடும் ஈயைப்போல.

மூன்று எக்ஸ்,
கழித்தல் இரண்டு எக்ஸ்,
கூட்டல் பத்து.

கூட்டல் பத்து!
நாற்காலியில் நிமிர்ந்தேன்.
அது திரையில் நிற்கிறது, மழை பெய்கிறது,
நான் எண்ணுகிறேன்.
பத்தொன்பது விநாடி
அவன் சரியாக இருக்கிறான்.
பிறகு சுட்டி பின்னோக்கி நகர்கிறது.
தூங்குகிறவர்கள் இருக்கும் அறைக் கதவைச் சாத்துவதுபோல
மெதுவாகக் கூட்டலை அழித்துக்
கழித்தல் போடுகிறான்.

விடை இருபத்தேழு. தவறு.
தாளில் வந்திருந்தால்
சிவப்பில் ஒரு சுழி போட்டு அடுத்ததை எடுத்திருப்பேன்.
இருபத்திரண்டு வருடமாக
அப்படித்தான் அடுத்ததை எடுத்திருக்கிறேன்.

இடைவேளையில் அவனருகே உட்கார்ந்தேன்.
இயர்போனில் ஒரு பக்கம் அவனுக்கு, ஒரு பக்கம் எனக்கு.
அந்த இடத்தில் நிறுத்தினேன்.
"ஏன் அழிச்சே?"
வேறு யாரோ ஆட்டிய சுட்டியைப் பார்ப்பதுபோல
வெகுநேரம் பார்த்தான்.
"சட்டுனு வந்துடுச்சு, டீச்சர்.
எனக்கு அவ்வளவு சுலபமா வராது."

குறிக்கு விதி வைத்திருந்தேன்.
இதற்கு என்ன விதி?
மணி அடித்தது. எழுந்து போய்விட்டான்,
இயர்போன் என் தோளில் தொங்கியபடி இருக்க.

இன்றிரவு இன்னும் பதினாறு கோப்புகள்.
மாத்தே குவளை ஆறிவிட்டது.
ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கலாமே என்கிறது
மூலையில் ஒரு பொத்தான்.
லுஸ்மரீனாவின் திரை
இரண்டு நிமிடமாக வெறும் வெள்ளை.
ஒரு எழுத்துகூட இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும்.

ஓடட்டும்.