போனானாம்

தக்கலையில், பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடி.
வியாழன்தோறும் ஏழு மணிக்கு ஐந்து பேர்.
"எந்தப் பரீட்சைக்கு?" என்று கேட்பார்கள்
படியில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருப்பவர்கள்.
பாலி இலக்கணம் என்றால்
வலி ஒரு நிமிஷம் நின்றுவிடும்.

நூகு கண்ணுக்கு மோட்டார் வைண்டிங் கடை.
சூத்திரத்தைத் தடவிப் பார்த்து
"இங்கெ ஒரு சுற்று விட்டுப்போச்சு" என்பார், சரியாக இருக்கும்.
பென்சிகருக்கு ரப்பர் நாற்றங்கால்.
சமஸ்கிருதம் படித்த தாணம்மைக்கு
இம்மொழியில் இருமை எண் இல்லாதது பெரிய குறை;
ஒன்று, தவறினால் பல. எங்களுக்கு அது வீடு மாதிரி.
நான் பத்திரம் எழுதுகிறவன்.
மெல்பா குறும்பனையிலிருந்து
கடைசி பஸ்ஸைக் கணக்குப் பண்ணி வருவாள்.

எல்லா வாய்பாட்டுக்கும் ஒரே வேர்: பச். சமை.
சமைக்கிறான், சமைக்கிறார்கள், சமைக்கிறாய்.
மூன்று மாதமாக அடுப்பில்; ஒருத்தரும் இறக்கிவைக்கவில்லை.
பென்சிகரின் தூக்குவாளியில் மரச்சீனிக் கிழங்கு ஆற
பசதி, பசந்தி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.
எங்கள் காதுக்கு அந்த வேர் பசி என்றே கேட்டது.

இறந்தகாலம் மூன்று.
இன்று நடந்தது அஜ்ஜதனீ.
நேற்றோடு போனது ஹிய்யத்தனீ.
சொல்கிறவன் கண்ணுக்கு அப்பால் நடந்தது பரோக்கா.
புத்தகத்தில் அதுதான் முதலில்.
கஷ்டமென்று நாங்கள் கடைசிக்குத் தள்ளியிருந்தோம்.
காணாததைச் சொல்லும்போது
வேர் தன் முதலெழுத்தை இரண்டு தடவை சொல்கிறது: பபச.
முதல் தடவை யாரும் நம்பாததுபோல.

"தன்மையிலும் ஒரு வடிவம் கிடக்கே" என்றார் நூகு கண்ணு.
"நான் செய்ததை நானே காணாம இருப்பனா?"
"குடிச்சவன்" என்றான் பென்சிகர். "உறங்கினவன்."
உரையிலும் ஏறக்குறைய அதுதான் இருந்தது.
சிரித்தோம்.

வேரை மாற்றுவோம் என்றது நான்.
கம். போ.
முறை சுற்றி மெல்பாவிடம் வந்தது.
அகமீ. இன்று போனான்.
அகமா. நேற்றுப் போனான்.
அடுத்ததற்கு வாய் திறந்தாள்.
கீழே பல் தோண்டும் மெஷின் ஓடி நின்றது.

தம்பி ததேயுஸ். நாலு பேர், ஒரு வள்ளம்.
மாசி மாதம், எண்ணெய் ஊற்றினாற்போல் கடல்.
ஆறு வருஷம் எட்டு மாதம் ஆகிறது.
ஏழு நிறைந்தால் சட்டத்தில் அதற்கொரு சொல் உண்டு.
மனுவை எழுதப்போவது நான்தான்.
"நாளது தேதி வரை திரும்பவில்லை";
எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த வரி.
எந்த நாள், எந்தத் தேதி என்று
நின்று யோசித்ததில்லை.

"நைட் ட்யூட்டி முடிச்சு
நான் உறங்கிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

தாணம்மை பேச்சை மாற்றத்தான் சொன்னாள்:
"தமிழில் இது இல்லை பாருங்கள்.
கண்டாலும் போனான், காணாவிட்டாலும் போனான்."
நூகு கண்ணு தலை நிமிராமல்,
"உண்டு. போனானாம்."

ஒரு ஆம்.
பார்க்காதவர் வாயில் வாலாக ஒட்டுகிற ஆம்.
ஊர் சொன்னதற்கும் அதுதான்,
ஒப்புக்கொண்டு தலையாட்டுவதற்கும் அதுதான்.
மெல்பா நோட்டில் எழுதினாள்.
ஆமை மட்டும் அடித்தாள்.
மறுபடி எழுதினாள்.

இந்த வடிவங்கள் நூல்களில் அபூர்வம்,
விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிறது அடிக்குறிப்பு.
இருந்தும் வாய்பாட்டில் வரிசை முழுதும்
இடம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஜகாம, என்றாள் கடைசியில்.
நடு எழுத்தை நீட்டிவிட்டாள்.
குறிலும் வழங்கும், நெடிலும் வழங்கும்.
யாரும் திருத்தவில்லை.

எட்டு ஐம்பதுக்கு பஸ்.
மிச்சக் கிழங்கை வாளியோடு அவளிடம் கொடுத்தான் பென்சிகர்.
அடுத்த வாரம் எதிர்காலம்.
அதற்கடுத்தது காலாதிபத்தி:
நடந்திருக்கும், ஆனால் நடக்கவில்லை என்பதைச் சொல்ல.
யார் நடத்துவது என்று பேச்சு வந்தபோது
மெல்பா தான் நடத்துவதாகச் சொல்லிவிட்டு
செருப்பைத் தேடினாள்.