திருப்பித் தர இன்னும் மூன்று நாள்

பெட்டியில் போட்டிருப்பது நூற்றைம்பது அங்குலம்.
ஜெலுத்தோங்கில், பதினோராவது மாடியில்,
எங்கள் கூடத்துக்கு அவ்வளவு சுவர் கிடையாது.
சோபாவை வாசல்வரை தள்ளியும் எண்பதுதான் தேறியது.
செருப்பு ஸ்டாண்டு இப்போது சமையலறையில்.

பகலில் முகங்கள்
கஞ்சித் தண்ணீரில் நனைத்த மாதிரி.
திரைச்சீலையை இழுத்துவிட்டாலும்
கறுப்பு என்று அது காட்டுவது சாம்பல்.
வீட்டுக்காரர் அடித்த இளம்பச்சையில்
எல்லா நாயகிகளுக்கும் காமாலை.

தானே சதுரம் பிடிக்கும் என்றார்கள். அது நிஜம்.
கோணலாக வைத்தாலும்
ஒருமுறை கண்ணைச் சிமிட்டி நேராகிவிடுகிறது.
நாட்காட்டி ஆணிக்கு, சுவிட்சுக்கு ஒதுங்கி
கடைசி பஸ்ஸில் ஏறியவரைப் போல
உடம்பைச் சுருக்கி இடம் பிடிக்கிறது.
பல்லியிடம்தான் தோற்றது.
அது நகர நகர இதுவும் நகர்ந்து
அஞ்சலட்டை அளவில் மூலையில் போய் நின்றது.

ரிமோட்டுக்குத் தமிழ் தெரியுமாம்.
‘சத்தத்தைக் கொஞ்சம் கொறை’ என்றேன்.
சத்தான கொய்யாச் சாறு செய்முறை வந்தது.
முழுதாகப் பார்த்தேன். பரவாயில்லை.

உள்ளே விசிறி இரைகிறது.
மழை பெய்தால் கேட்காது,
மழை எங்கள் வசதிக்குப் பெய்வதில்லை.

ஆயிரத்து இருநூறு ரிங்கிட்.
சசிகரன் கணக்கில்
விமான நிலையத்துக்கு அறுபது சவாரி.
அதை அவர் ஒரு தடவைதான் சொன்னார்.

கண் காக்கும் வசதி என்றும் ஒன்று உண்டு.
ஒளிக்குக் குறுக்கே ஆள் வந்தால்
படம் அணைந்துவிடும், வசனம் மட்டும் ஓடும்.
நேற்று ராத்திரி ஒன்றரை மணி,
கொலைகாரன் யாரென்று சொல்லப்போகிற இடம்,
கதவைத் திறந்து குறுக்கே நடந்தார்.
அணைந்தது.

வராந்தா விளக்கின் வெளிச்சத்தில்
ஒரு கையில் சோற்றுப் பொட்டலம், ஒரு கையில் காலுறை.
கார் ஜன்னல் பக்கத்து வலது கை
இடது கையைவிட இரண்டு நிறம் கூடக் கறுத்திருந்தது.
எப்போதிலிருந்து?
‘ஒதுங்கட்டுமா?’ என்றார்.
‘பசியாறியாச்சா?’ என்று கேட்டேன்,
காலையில் கேட்கிற கேள்வியை.
சுவரில் யாரோ ஒரு பெயரைச் சொன்னார்கள்.
காதில் வாங்கவில்லை.

அமைப்புகளில், மூன்றாவது பக்கத்தில்
அந்த வசதியை நிறுத்திவைக்கலாம்.
இன்று காலை பார்த்து வைத்தேன்.
பெட்டியும் தெர்மோகோலும் கட்டிலுக்கடியில்,
ரசீது என் பர்சில்.