ஐம்பத்தோராம் நாள்

நம்புவள்ளி கேனில் கொண்டுவந்தாள்
எள்ளு, கருப்பட்டி, சதகுப்பைக் கஷாயம்.
ஆளுக்குப் பாதி.
மண்டபத்து டாக்டரம்மா தந்த மாத்திரையும் முழுங்கியாச்சு;
எது கேட்குமோ.

நீர்க்கட்டியாம். ஸ்கேனில் தெரிந்தது.
"தண்ணியிலேயே கிடந்தா வேறென்ன கட்டும்"
என்றது வீட்டுக்காரர் வாய்.

சின்னப்பாலத்தில் எப்போது நீர் வற்றும் என்று
நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரியும்.
என் கணக்கு மட்டும்
எந்தப் பிறைக்கும் அகப்படுவதில்லை.

விரலுக்குத் துணி சுற்றி
காலில் தகடு கட்டி முங்கினோம்.
பாறை இடுக்கில் மரிக்கொழுந்து;
பாசிக்கு அந்தப் பேர், வாசம் கிடையாது.
கிள்ளிப் பையில் திணிக்கையில்
இடுப்பைச் சுற்றி ஓர் இழுப்பு,
பழைய இழுப்பு.

மேலே வந்து கண்ணைக் காட்டினேன்.
"எள்ளுதான்" என்றாள்.
"மாத்திரையாவும் இருக்கும்."
"மாத்திரை ஓசி. எள்ளுக்குத்தானே காசு கொடுத்தோம்."

மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முங்கினேன்.
பை இன்னும் பாதிதான்.