பின்வாங்கு

அளம்பில் கோவிலில் இரண்டாம் பூசை.
தகரம் வெயிலில் முறிகிற சத்தம்.
சமாதானம் சொல்லுங்கள் என்கிறார் சுவாமி.
முன்வாங்குக்குக் கும்பிட்டேன்,
தூணடியில் நிற்கும் பொடியனுக்கும்.
பின்வாங்குக்கு மட்டும்
அவன் தடுப்பால் வந்த நாள் தொட்டு
முதுகைத்தான் கொடுக்கிறேன்.

ஞானஸ்நானத்தில் எமிலியான்.
மாசி மாதம், பங்கருக்குள் இருந்து
என் ஜெசிந்தாவைத் தலைமயிரில் பிடித்து இழுத்தபோது
இளவேந்தன்.
"வீட்டுக்கு ஒராள், அக்கா."
அக்கா என்றுதான் சொன்னான்.

இன்று குடை வழுக்கி விழுந்தது.
எடுக்கக் குனிந்து திரும்பினால்
அவன் கும்பிடுகிறான்,
ஒரு கையால்.
மற்றச் சேட்டுக்கை மடித்து
ஊசி குத்தியிருக்கிறது.
நெஞ்சுக்கு நேரே அந்த ஒற்றை உள்ளங்கை
சோடி தேடி நிற்கிறது.

ஆண்டவரே,
மன்னித்தாள் என்று எழுதிப்போடாதையும்.
எழுதினால் நாளைக்கே வந்து அழிப்பேன்.
என்ர கை போனது.
அவன்ர கையோடு சேர்ந்து நின்றது,
ரெண்டு பேரில் ஒரு கும்பிடு,
ஒரு மூச்சு நேரம்.
வேர்த்திருந்தான்.

நற்கருணை வரிசையில்
ஈரம் இன்னும் காயவில்லை.
சீலையில் துடைக்கவும் மனமில்லை,
அந்தக் கையை நீட்டவும் மனமில்லை.
வாயைத் திறந்து
நாக்கில் வாங்கினேன்.