சாதனம் பூஜ்யம்

தொள்ளாயிரத்துப் பதினோரு வரியில் ஒரே ஃபங்ஷன்.
பெயர்: தேர்ந்தெடுத்து ஓட்டு.
பெயரிலேயே இரண்டு வேலை.
அதைப் பிரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது
கத்திரி தொடங்கிய அன்று.

காட்பாடியில் சித்தூர் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் மாடியறை.
கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கேட்கும்:
ஃபேனா, மானிட்டரா?
மானிட்டர் என்பேன்.
வியர்வை கீபோர்டில் சொட்டும்.

ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எழுதியவர் பெயர்:
கோதண்டபாணி, கோதண்டபாணி, கோதண்டபாணி,
எங்கோ ஓரிடத்தில் ஒரு ரஹ்மத்துன்னிசா,
மறுபடி கோதண்டபாணி.
கார்டு இருக்கிறதா என்று கேட்டு,
இருந்தால் அங்கே இடம் பிடித்து,
பிடித்த கையோடு ஓட்டி,
ஓடும்போதே திரும்பவும் கார்டு இருக்கிறதா என்று கேட்டு –
டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பிறகும்
ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி
ஆம்பூர் போர்டுதானா என்று பார்த்து ஏறுகிற ஆள் மாதிரி.

பதினேழு 'இருந்தால்' எண்ணினேன்.
ஒரே ஒரு 'இல்லாவிட்டால்'.
அதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன்.

மூன்றாம் நாள் வெட்டினேன்.
தேர்வு தனி: எந்தச் சாதனம் என்று சொல்லும்,
எதையும் தொடாது.
ஓட்டம் தனி: கையில் கொடுத்ததில் ஓடும்,
ஏன் இது என்று கேட்காது.
ஆயிரம் த்ரெட்டும் வரிசையில் நின்றன.
சத்துவாச்சாரி ஆபீஸ் மெஷினில் டெஸ்ட் போட்டேன்.

சாதனம் பூஜ்யம்: கிடைக்கவில்லை.

என் தப்புதான் என்று நினைத்தேன்.
பழையதைப் போட்டால் பச்சை.
புதியதைப் போட்டால் சிவப்பு.
பச்சை. சிவப்பு. பச்சை.
ஜங்ஷன் பக்கம் ஒரு கூட்ஸ்
தண்டவாளம் மாறும் சத்தம் வெகுநேரம் கேட்டது.
அப்போதுதான் அந்த ஒற்றை இல்லாவிட்டாலுக்குப் போனேன்:

கார்டு இல்லாவிட்டால் சிபியுவில் ஓட்டு.
பக்கத்தில் குறிப்பு:
வாடிக்கையாளரைப் பயமுறுத்த வேண்டாம்.

விடிந்ததும் ஸ்கூட்டியில் பாலாற்றைத் தாண்டினேன்.
கீழே மணல், முள், ஒரு கிரிக்கெட் பிட்ச்.
பாலம் மட்டும்
ஆறு இருப்பதாகவே நடந்துகொண்டது.

ஜெபசீலி சர்வர் அறையைத் திறந்துவிட்டு
ஸ்க்ரூ டிரைவரும் தேடிக் கொடுத்தாள்.
மூடியைக் கழற்றினோம்.
சிபியு மேல் விரல் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.
பக்கத்தில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தின் கார்டு,
மின்கம்பி ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டியபடி,
விசிறி மேல் பிளாஸ்டிக் தாள் கூடப் பிரியாமல்.
தொட்டேன்.
வேலூரில் அந்த மே மாதம்
சில்லென்று இருந்த ஒரே பொருள்.

இரண்டு வருடம்.
'கார்டு வந்தபின் இரண்டு மடங்கு வேகம்' என்று
ஸ்லைடு போட்டோமே,
அந்த இரண்டு மடங்கையும்
சிபியு தனியாகச் சுமந்திருக்கிறது.

ஓசூரில் இருக்கும் கோதண்டபாணிக்கு ஃபோன் போட்டேன்.
"அப்ப கார்டே வந்து சேரலைங்க.
ஒரே ஒரு டெமோவுக்கு எழுதின வரி அது.
இன்னுமா இருக்கு?"
பின்னால் குழந்தை அழுதது. வைத்துவிட்டார்.

கம்பியைச் செருகினேன்.
விசிறி ஒருமுறை தயங்கிச் சுழன்றது.
இல்லாவிட்டாலின் கீழ் இருந்ததை அழித்துவிட்டு
இரண்டு வரி எழுதினேன்:
இல்லை என்று சொல்.
நில்.

"இப்ப வேகமா போகுமா?" என்றாள் ஜெபசீலி.
"போகலைன்னா இனிமே தெரியும்."

உரித்த பிளாஸ்டிக் தாள்
விரல் வியர்வையில் ஒட்டிக்கொண்டது.
உதறினால் அடுத்த விரலுக்கு மாறியது.
திரும்பி வரும்போது பாலத்தில்தான் பார்த்தேன்,
ஹேண்டில்பாரில் இருந்தது.